காசைக் கழுவாதீர்கள், கதையை எழுதி வையுங்கள்

ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்:

"ஐயா, என் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான். நாணயம் சேர்க்கப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். மாமி தன் வெற்றிலைப் பெட்டிக்குள் சீலைத் துண்டில் முடிந்து வைத்திருந்த பழைய காசுகளை அவனிடம் கொடுத்துவிட்டா. சதுர ஐந்து சதம், ஓரம் வளைந்து வளைந்து போகும் இரண்டு சதம், ராணியின் தலை போட்ட செப்புக் காசு, பெரிய வெள்ளிக் காசு ஒன்று என்று பலதும் இருக்கிறது. அவன் கொஞ்சத்தைப் பழப்புளி போட்டுத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறான், பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது. செய்தது சரியா? இனி எதை வாங்கிக் கொடுப்பது? முகநூலில் ஒருவர் ஆல்பமும் ராஜராஜ சோழன் காசும் சேர்த்துத் தருகிறாராம். மாரி வருகிறது, எங்கள் வீடு தகரக் கூரை, எதில் போட்டு வைப்பது? வயல் பக்கம் பழைய காசு கிடைக்கிறதாம், போய்த் தேடவா என்றும் கேட்கிறான்."

தங்கச்சி, முதலில் அந்தப் புளியை நிறுத்தச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு பேசுவோம்.

நான் வவுனியாவில் பழைய நாணயமும் முத்திரையும் வாங்கி விற்கிறவன். என்னிடம் வருகிற காசுகளில் கெட்டுப்போனவை பெரும்பாலும் மண்ணாலோ மழையாலோ கெட்டவை அல்ல, அன்பாகத் தேய்த்துக் கெடுத்தவைதான். செப்புக் காசில் நீங்கள் பார்க்கிற கபில நிறம் அழுக்கில்லை. செம்பு காற்றோடு கலந்து தன்மேல் தானே போர்த்திக்கொண்ட மெல்லிய தோல் அது, உள்ளே இருக்கிற உலோகத்தை அதுதான் காப்பாற்றுகிறது. புளியின் அமிலம் அந்தத் தோலைக் கரைத்துவிடுகிறது. பிறகு தெரிகிற அந்த ரோசா மினுக்கம் தோல் உரிந்த வெறும் செம்பு, சில மாதத்தில் அது திட்டுத் திட்டாகக் கறுக்கும், பழைய ஒரே சீரான நிறம் மனிதக் கையால் திரும்பி வராது. ஒரே ஆண்டு, ஒரே வகைக் காசு இரண்டு என் மேசைக்கு வந்தால் கபில நிறத்தில் இருப்பதைத்தான் எடுப்பேன், தேய்த்ததற்கு அதில் பாதி விலைகூடச் சொல்ல மாட்டேன், உலகத்தில் எந்தச் சேகரிப்பாளரும் அப்படித்தான்.

தேசிக்காயும் அதே அமில வேலையைத்தான் செய்யும். திருநீறு, சாம்பல், பிறாஸோ இவை கீறும். அலுமினியக் காசில் சாம்பலும் சலவைத் தூளும் உலோகத்தையே அரிக்கும். மினுக்கத்துக்கு என்று தேங்காய் எண்ணெய் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். எண்ணெயிலுள்ள கொழுப்பமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பசையாகப் படியும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம்.

பிள்ளையைப் பேசாதீர்கள். குத்துவிளக்கையும் செம்பையும் புளி போட்டு மினுக்குகிற வீட்டில் வளர்ந்த பிள்ளை காசையும் அப்படித்தான் மினுக்குவான். புளி பட்டவற்றை வடித்த நீரில், அதுதான் பாமசியில் கிடைக்கும் டிஸ்டில் வாட்டரில், அலசி எடுங்கள். அமிலம் எழுத்து இடுக்குகளில் தங்கி நின்றால் தொடர்ந்து அரித்துக்கொண்டே இருக்கும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், எங்கள் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, காய்ந்ததும் வெள்ளைப் படலம் விடும். பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்க வேண்டாம், ஒற்றினால் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு தனியாகப் போட்டு "கழுவியது" என்று எழுதி வையுங்கள். மண் ஒட்டிய காசுக்கும் இதே வடித்த நீரில் ஊறவைத்து எடுக்கிற வேலைதான், அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. வெள்ளி கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.

பச்சை பிடித்த காசு இருந்தால் உற்றுப் பாருங்கள். இறுகி, வழுவழுப்பாக, கரும்பச்சையாக இருந்தால் பயமில்லை. வெளிர் பச்சையில், நகம் பட்டாலே உதிரும் தூளாக இருந்தால் அது உப்பால் வருகிற அரிப்பு, வெண்கல நோய் என்று சொல்வார்கள். கடற்காற்று படுகிற முல்லைத்தீவு, மன்னார்க் கரையிலிருந்து வருகிற காசுகளில் நான் அதை அடிக்கடி பார்க்கிறேன். அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமே படாமல் தனியே வையுங்கள்.

இனி, வாங்குவதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். விற்கிறவனே இப்படிச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள், ஆனால் உங்கள் பிள்ளையிடம் என் கடையில் கிடைக்காத ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் காசுகள் யாருடைய கையில் இருந்தன, எப்படி வந்தன என்று சொல்ல மாமி பக்கத்தில் இருக்கிறா. வன்னியில் 2009க்கு முந்திய பொருள் என்று ஒன்று ஒரு வீட்டில் மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். வீடு, கிடுகு, மாடு, காணி உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்கள் ஒரு சீலை முடிச்சை மட்டும் ஏன் விடவில்லை? இடம்பெயர்ந்த இடமெல்லாம், முகாமிலும்கூட, அதை எங்கே வைத்திருந்தா? வெற்றிலைப் பெட்டிக்குள் வரும் முன் அது யாருடையது, நெல் விற்ற காசா, கலியாணத்துக்கு வந்ததா, கோவிலுக்கென்று நேர்ந்து முடிந்ததா? மகனை ஒரு கொப்பியோடு மாமிக்குப் பக்கத்தில் இருத்துங்கள். காசு ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம், ஆண்டு, பெறுமதி, உலோகம், எடை, யாரிடமிருந்து எப்போது கிடைத்தது, அவ சொன்ன கதை. இலக்கத்தைப் பையின் மேல் எழுதுங்கள், காசின் மேல் எதுவும் எழுதவோ ஒட்டவோ கூடாது. மாமிக்கு ஞாபகம் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும், மற்ற எல்லாவற்றையும் அடுத்த வருசம்கூடச் செய்யலாம். வீட்டில் நடந்த கதைகளைப் பிள்ளைகள் கேட்பதில்லை, பெரியவர்களும் சொல்வதில்லை என்ற நிலைமை எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இருக்கிறது, காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் சொல்ல வருகிறது என்பதைக் கடைக்கு வருகிறவர்களிடம் நான் கண்டிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வைத்து என்னென்ன இருக்கலாம் என்று சொல்கிறேன். ராணியின் தலை போட்ட செப்புக் காசில் மறுபக்கம் மரம் இருந்தால் அது விக்டோரியா காலத்துக் காசு. ரூபாவும் நூறு சதமும் என்ற கணக்கு இலங்கையில் 1872இல் நடைமுறைக்கு வந்தது, அந்தச் செப்புக் காசுகள் 1870 என்ற ஆண்டிலிருந்தே வருகின்றன, அதில் கால் சதம், அரைச் சதம் கூட உண்டு. ஓரம் வளைந்த இரண்டு சதத்தில் ராஜாவின் தலை இருந்தால் 1944 அல்லது 1951, ராணி இருந்தால் ஆண்டைப் பாருங்கள், 1955 அல்லது 1957 ஆக இருக்கும். இரண்டாம் எலிசபெத்தின் தலை இலங்கையில் புழக்கத்துக்கு வந்த காசில் இருந்தது அந்த இரண்டு சதத்தில் மட்டும்தான். விலை ஒன்றும் பெரிதில்லை, ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரித்திரப் புத்தகத்தைவிட அது நன்றாக மனதில் நிற்கும்.

பெரிய வெள்ளிக் காசு பெரும்பாலும் பிரித்தானிய இந்திய ரூபாவாக இருக்கும். 1957 வரை இலங்கைக்கென்று தனியாக ஒரு ரூபாக் குற்றி இருக்கவில்லை, இந்திய ரூபாதான் இங்கும் ஓடியது, அதனால்தான் எங்கள் கிழவிகளின் முடிச்சுகளில் அது இத்தனை தரம் வருகிறது. நல்ல காசு 11.66 கிராம் இருக்கும், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். அதைவிடப் பெரிதாக, 28 கிராமுக்குச் சற்று மேலே நின்றால் 1957 புத்த ஜெயந்திக்கு வந்த ஐந்து ரூபாவா என்று பாருங்கள், அதுவும் வெள்ளி. நகைக்கடைத் தராசில் நிறுக்கலாம். ஆனால் நிறுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பழக்கதோசத்தில் அவர்கள் உரைகல்லில் ஓர் இழுவை இழுத்து அமிலமும் வைத்துவிடுவார்கள், விளிம்பில் அந்தக் காயம் நிரந்தரமாக நிற்கும். எடை மட்டும் பார்த்துத் தாருங்கள் என்று முதலே சொல்லுங்கள். காசில் வளையம் ஒட்டியிருந்தால், மாலையில் கோர்த்த காசு என்று அர்த்தம், சந்தையில் விலை குறைவு, அதைக் கழற்றப் போகாதீர்கள், வளையத்தோடு இருப்பதுதான் அதன் வாழ்க்கை.

சரி, சேர்ப்பது என்றால் எதைச் சேர்ப்பது? எல்லாவற்றையும் சேர்க்கப் போகிறவன் ஒரு பேணி நிறையச் சில்லறையோடு நின்றுவிடுவான். சின்னதாக ஒரு வட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். நான் என்றால் ஐந்து சதத்தைச் சொல்வேன். 1870இல் வட்டமான செப்புக் காசு. 1909இல் சதுரமாகி, செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளைக் காசு. இரண்டாம் உலகப் போர் நேரம், 1942இல், அதே சதுரம் மஞ்சள் பித்தளை நிறத்துக்கு மாறுகிறது. 1963இல் ராஜா ராணி தலை போய் அரச இலச்சினை வருகிறது. 1978இல் அலுமினியம், கையில் வைத்தால் பாரமே தெரியாது. இந்த ஐந்தையும் வரிசையாக வைத்துக் கைமாறிக் கைமாறித் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், காசின் மதிப்பு இறங்க இறங்க உலோகமும் எப்படி இறங்குகிறது என்று உள்ளங்கைக்கே விளங்கும். வெள்ளிக் காசிலும் இதே கதைதான், பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களில் முதலில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி இருந்தது, 1919 முதல் 55 ஆக இறங்கியது. செப்பு ஐந்து சதம் மட்டும் கொஞ்சம் தேட வேண்டிவரும், மற்றவை எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கிறவை.

அது கடினம் என்றால் 1963 வரிசை இருக்கிறது, ஒரு சதம் முதல் ஒரு ரூபா வரை ஏழு காசு, பாதி உங்கள் முடிச்சிலேயே இருக்கும். இன்னொரு வழியும் உண்டு, இது எனக்குப் பிடித்தது. 2013 என்று ஆண்டு பொறித்து, 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாகப் பத்து ரூபாக் குற்றி மத்திய வங்கி வெளியிட்டது. அதில் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி நான்கையும் முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். தன் மாவட்டத்தின் பெயர் காசில் இருப்பதைக் கண்ட பிள்ளை மிச்சம் இருபத்தொன்றையும் தானே தேடுவான். கடையில் வாங்காமல் மாற்றி எடுப்பதுதான் இதில் உள்ள சந்தோசம். முறிகண்டியில் கச்சான் விற்கிற அம்மாமாரிடம் நாள் முழுக்கச் சில்லறை சேருகிறது, வாகனம் எல்லாம் நின்று போகிற இடம். பஸ் கொண்டக்டர், கோவிலில் உண்டியல் எண்ணுகிறவர்கள், சந்தையில் மரக்கறி விற்கிறவர்கள், இவர்களிடம் தாளைக் கொடுத்துக் குற்றியாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஒரு ரூபா, இரண்டு ரூபாக் குற்றிகளையும் இப்போதே நல்லதாகப் பார்த்து ஒவ்வொன்று எடுத்து வைக்கலாம், விலைவாசி ஏறின ஏற்றத்தில் அவை கையில் புழங்குவதே குறைந்துவிட்டது.

ஒரே காசு இரண்டு கிடைத்தால் எதை வைப்பது என்று பிள்ளைக்குப் பழக்குங்கள். முகம் இருக்கிற காசில் தலைமயிரின் கோடும் கிரீடத்தின் மணிகளும்தான் முதலில் தேயும், இலச்சினை என்றால் நடுவில் மேடாக நிற்கும் பகுதி. பூதக்கண்ணாடி ஒன்றை வைத்து, யன்னல் வெளிச்சத்தில் காசைச் சற்றுச் சரித்துப் பிடித்தால் தேய்மானம் தெரியும். கூர்மையானதை வைத்து மற்றதை மாற்றுக்கு ஒதுக்கலாம். பிடிப்பது எப்போதும் விளிம்பில்தான், கீழே ஒரு துவாயை மடித்து விரித்துக்கொண்டு. வியர்வை விரல் பட்ட இடம் சில வாரத்தில் ரேகையாகக் கறுத்து நிற்கும், நம்முடைய வெக்கைக்குச் சொல்லவே வேண்டாம்.

முகநூல் ராஜராஜன் காசுக்கு வருகிறேன். ஒரு பக்கம் நிற்கிற அரசன், மறுபக்கம் இருக்கிற அரசனும் நாகரி எழுத்தில் பெயரும், அப்படி ஒரு செப்புக் காசு உண்மையிலேயே உண்டு, சோழர் அநுராதபுரத்தைப் பிடித்த காலத்தை ஒட்டி இலங்கையில் நிறையவே ஓடியது. யாழ்ப்பாண அரசரின் நந்தியும் 'சேது' எழுத்தும் போட்ட காசும் அப்படித்தான். அசல் இருக்கிறது என்பதுதான் போலிக்காரருக்கு வசதி. அச்சில் வார்த்த போலியில் விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், மேற்பரப்பில் குமிழி விட்ட சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், அதே தேய்மானத்தோடு அதே இடத்தில் உடைந்த இரண்டு மூன்று காசு ஒருவரிடமே இருக்கும். தொடங்குகிற பிள்ளைக்கு இதைப் பிரித்தறியக் கண் போதாது. எங்கே எடுத்தது என்று விற்கிறவரால் சொல்ல முடியாத பழங்காசை நானும் வாங்குவதில்லை. பார்க்க ஆசையென்றால் கொழும்பு போகும்போது கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குக் கூட்டிப் போங்கள், அசலைப் பார்த்துப் பழகிய கண் பிறகு ஏமாறாது. சாமிப்படம் போட்ட கிழக்கிந்தியக் கம்பனிக் காசு, 1818 ஆம் ஆண்டு என்று யாராவது காட்டினால் அது கம்பனி அடித்த காசே அல்ல. உங்களிடம் உள்ள காசுக்கு இலட்சக்கணக்கில் தருகிறோம், பதிவுக்கு மட்டும் முதலில் இவ்வளவு அனுப்புங்கள் என்று வருகிற விளம்பரங்களுக்குப் பதிலே போடாதீர்கள்.

அவர் தருகிற ஆல்பமும் வேண்டாம். மலிவு ஆல்பங்களின் மெத்தென்ற பிளாஸ்டிக் பெரும்பாலும் பிவிசி. நம்முடைய சூட்டில் அது மெல்ல மெல்ல அமிலம் விடும், காசின் மேல் பச்சைப் பிசினாகப் படியும். முகர்ந்து பாருங்கள், புது ரெக்சின் மணம் அடித்தால் அதுதான். பாமசியில் குளிசை போட்டுத் தருகிற சின்ன சிப் பை இருக்கிறதே, அது பொலித்தீன், காசுக்குத் தீங்கில்லை, விலையும் இல்லாத மாதிரித்தான். ஒரு பைக்கு ஒரு காசு, அந்தப் பைகளை மூடி இறுகும் சாப்பாட்டுப் பெட்டியில் நிறுத்தி அடுக்குங்கள். பெட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் நல்லது, 3 என்றால் பிவிசி, விட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து எப்போதாவது யாராவது வந்தால் சேகரிப்பாளர் பாவிக்கிற மைலார் உறை கொஞ்சம் எடுப்பிக்கலாம், அவசரமில்லை. றப்பர் பாண்ட், செலோடேப், பத்திரிகைத் தாள் மூன்றும் காசுக்குக் கிட்டவே வரக்கூடாது. றப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கோடு போட்ட மாதிரிக் கறுப்பாக்கும்.

தகரக் கூரைக்கு நேர்கீழே, அலுமாரியின் மேல்தட்டில் வைக்காதீர்கள், பகலில் அங்கே அனல், மாரியில் இரவில் குளிர்ந்து ஈரம் கட்டும். அடுப்படி வேண்டாம், புகை. சாமி அறையும் வேண்டாம், கற்பூரமும் சாம்பிராணியும் நாள்தோறும். உள்சுவரோடு நிற்கும் அலுமாரியின் நடுத்தட்டு நல்ல இடம், பூச்சிக்குப் போடுகிற நப்தலீன் உருண்டையை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வருகிற சிலிக்கா ஜெல் பைகளை எறியாமல் இரண்டு மூன்றைப் பெட்டிக்குள் போடுங்கள், மாரிக்கு முன் புதிதாக மாற்றுங்கள். அரிசி போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள், தவிடும் அந்துப்பூச்சியும்தான் மிச்சம். கார்த்திகை, மார்கழி மழை நாட்களில் பெட்டியைத் திறந்து காட்டி விளையாட வேண்டாம், வெயில் காய்கிற நாளில் பார்க்கலாம். 2005 முதல் சில ஆண்டுகள் வந்த ஒரு ரூபா, இரண்டு ரூபா, ஐந்து ரூபாக் குற்றிகள் உருக்கின் மேல் முலாம் பூசியவை, காந்தம் பிடிக்கும். அவற்றுக்கு ஈரம்தான் எமன், விளிம்பில் துரு முதலில் எட்டிப்பார்க்கும். அவற்றைச் செப்புக் காசோடு ஒரே பையில் போடக்கூடாது.

கடைசியாக அந்த வயல் விசயம். தேடப் போக விடாதீர்கள் தங்கச்சி, இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முல்லைத்தீவு மாவட்டத்தில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது, துப்புரவு செய்த காணியிலும் மண்ணைக் கிளறினால் என்ன வரும் என்று ஒருவரும் கையடித்துச் சொல்ல முடியாது. உலோகம் காட்டும் கருவியோடு யாராவது கூப்பிட்டால் அது புதையல் தோண்டுகிற வழக்கில்தான் போய் முடியும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி மண்ணுக்குள் இருக்கிற தொல்பொருள் அரசுக்குரியது, அனுமதியில்லாமல் தோண்டுவதும் குற்றம், வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். தொல்பொருள் என்ற சொல்லே எங்கள் பக்கம் எத்தனை மனத்தாங்கலைக் கிளப்புகிறது என்று எனக்குத் தெரியும், அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. ஆனால் மன்னார்ப் பக்கத்து மாந்தையில் ரோமர் காசுவரை கிடைத்த நாடு இது, இடம் தெரியாமல் பைக்குள் போன காசு எங்கள் பக்கத்து வரலாற்றுக்கு ஒரு சாட்சியாகவும் நிற்காது. உழும்போது தானாகவே மேலே வந்த காசு என்றால், எடுத்த இடத்தையும் இரண்டு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, நாள், காணி, ஆழம் எல்லாம் கொப்பியில் எழுதி, கிராம அலுவலர் மூலம் அறிவியுங்கள், ஒப்படைத்ததற்கு எழுத்தில் ஒரு துண்டு வாங்குங்கள். கழுவாமல் கொடுங்கள்.